பழைய ஸ்டேடியம், புதிய திட்டம்: வளாகத்தைச் சுற்றி எழும் கேள்விகள்

பழைய பொது ஸ்டேடியம் ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், எந்த நாடாக இருந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் கிளம்புகின்றன. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை இருக்கை என்பதில் தொடங்கும் திட்டம் பெரும்பாலும் தடுமாறுகிறது. பெரிய ஆட்டங்கள் வருடத்தில் சில பத்து நாட்கள்தான். மற்ற நாட்களில் அந்த இடம் யாருக்கு, எதற்கு என்பதில் தொடங்கும் திட்டம்தான் நிலைக்கிறது. கீழே உள்ள பதில்களில் இந்தச் சாய்வு தெரியும்.

ஸ்டேடியம் வளாகம் என்றால் எதுவரை?

கேலரியும் ஆடுகளமும் மட்டும் அல்ல. பயிற்சித் திடல், நீச்சல் குளம், ஓடுதளம், நடைபாதை, மரங்கள், வாகனம் நிறுத்தும் இடம், பேருந்து நிறுத்தம் அல்லது ரயில் நிலையத்திலிருந்து மக்கள் நடந்து வரும் வழி, சுற்றுச்சுவரை ஒட்டிய கடைகள் எல்லாமே வளாகம்தான். திட்ட வரைபடத்தில் சிவப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பதற்குப் பணமும் பொறுப்பாளரும் உண்டு. வெளியே விடப்பட்ட நடைபாதைக்கும் வடிகாலுக்கும் பிறகு யாரும் வருவதில்லை.

நிலம் ஒருவருடையது, நடத்துபவர் இன்னொருவர் என்கிறார்கள். இது சரியா?

சரிதான், பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் அரசு நிலத்தில் இருக்கிறது. அரசு நியமிக்கும் அறக்கட்டளை ஒன்று அதற்குப் பொறுப்பு. அன்றாட நிர்வாகம் மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்பிடம். லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் மைதானம் பொதுச் சொத்து. ஆனால் அதை நீண்ட காலக் குத்தகையில் நடத்துவது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், 2019-ல் முடிந்த புதுப்பிப்புக்கான செலவையும் அதுவே ஏற்றது.

இந்த ஏற்பாட்டில் பார்க்க வேண்டியவை குத்தகையின் காலமும், அதில் எழுதியிருக்கும் கடமைகளும். குத்தகை முடிய ஐந்து வருடம்தான் இருக்கிறது என்றால் எந்த நிர்வாகியும் கூரைக்குச் செலவு செய்ய மாட்டார். பெயின்ட் மட்டும் அடிப்பார். நீண்ட குத்தகை கொடுத்தால் முதலீடு வரும், ஆனால் பிடி தளரும். அதனால் பராமரிப்பு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும், பொதுமக்களுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், மீறினால் என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எண்களாக வர வேண்டும். 'மக்கள் பயன்பாட்டுக்கு உரிய முக்கியத்துவம் அளிக்கப்படும்' என்ற ஒரு வரி இருந்தால், அது இல்லாததற்குச் சமம்.

தனியார் கூட்டணியிடம் முழுதாக ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல பாடம். 1973-ல் கட்டிய தேசிய மைதானத்தை இடித்துவிட்டு, அதே காலாங் பகுதியில் விளையாட்டு மையம் ஒன்றை எழுப்பினார்கள். 2014-ல் திறந்தது. ஒரு கூட்டணி 25 ஆண்டுகள் நடத்துவதாக ஒப்பந்தம். 2022 டிசம்பரில், காலம் முடிய வெகுகாலம் இருக்கும்போதே, அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. லாபக் கணக்கும் சமூகப் பயன்பாடும் ஒரே ஒப்பந்தத்தில் ஒத்துப்போவது அவ்வளவு எளிதல்ல. இத்தனைக்கும் அது ஒழுங்காக நடக்கும் நிர்வாகத்துக்குப் பெயர் பெற்ற நாடு.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதானே மலிவு?

இந்த வாதம் பெரும்பாலும் முதல் மதிப்பீட்டை மட்டும் வைத்துச் சொல்லப்படுகிறது. லண்டனின் பழைய வெம்ப்ளி மைதானம் 2000-ல் மூடப்பட்டது, புதியது 2007-ல் திறந்தது. ஏழு வருடம். 1923-லிருந்து அதன் அடையாளமாக நின்ற இரட்டைக் கோபுரங்கள், சட்டப்படி பாரம்பரியப் பட்டியலில் இருந்தும், இடிக்கப்பட்டன. டோக்கியோவில் 1964 ஒலிம்பிக்ஸ் நடந்த தேசிய மைதானத்தை முதலில் இடித்தார்கள். அதன் பிறகு, புதிய வடிவமைப்பின் செலவு மதிப்பீடு 252 பில்லியன் யென் வரை ஏறியதும் 2015 ஜூலையில் அந்த வடிவமைப்பையே ரத்து செய்தார்கள். கையில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பிறகு வேறு வடிவமைப்பில் கட்டி 2019-ல் முடித்தார்கள். இடிப்பதற்கு முன் புதியதன் செலவு உறுதியாகியிருக்க வேண்டும் என்ற எளிய விதியை இங்கே யாரும் கேட்கவில்லை.

புதுப்பித்தால் மலிவாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஹெல்சிங்கி ஒலிம்பிக் மைதானம் 1938-ல் திறந்த வெள்ளைக் கட்டடம். அதன் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர், 1932 ஒலிம்பிக்ஸில் மாட்டி யார்வினென் ஈட்டி எறிந்த தூரம் அது. 2016 முதல் 2020 வரை நடந்த புதுப்பிப்பில் வெளித்தோற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டு, தேவையான புதிய இடங்களைப் பெருமளவில் நிலத்துக்கு அடியில் தோண்டி அமைத்தார்கள். செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டி நன்றாகவே ஏறியது. பழைய கட்டடத்தின் சுவரைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கென ஒரு தொகையை ஒதுக்காத மதிப்பீட்டை நம்பாதீர்கள்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானம் 1912-ல் திறந்தது. 1990-களின் இறுதியில் பக்கத்திலேயே புதியது கட்டும் திட்டம் இருந்தது. 2002-ல் வந்த புதிய உரிமையாளர்கள் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு வருடமும் ஆட்டப் பருவம் முடிந்ததும் ஒரு பகுதியை எடுத்துச் சரிசெய்தார்கள். புகழ்பெற்ற பச்சைச் சுவரின் மேலேயே இருக்கை போட்டார்கள். ஆட்டம் ஒரு பருவம்கூட நிற்கவில்லை.

பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாதாமே?

இது பயமுறுத்தச் சொல்வது. பட்டியலில் சேர்ப்பது மாற்றத்தைத் தடுப்பதில்லை. எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று காரணம் காட்டச் சொல்கிறது. பெர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்கு 2000-2004 காலத்தில் கூரை போட்டபோது, வளையத்தை முழுதாக மூடாமல் மாரத்தான் வாயில் பக்கம் திறந்தே விட்டார்கள். பழைய கட்டடத்தின் நீண்ட பார்வைக் கோடு அதனால் பிழைத்தது. லண்டனின் ஆர்சனல் கால்பந்து கிளப் 2006-ல் தன் பழைய ஹைபரி மைதானத்தை விட்டுப் போன பிறகு, பட்டியலில் இருந்த 1936-ம் வருடத்துக் கிழக்கு ஸ்டாண்டின் முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே குடியிருப்புகள் கட்டினார்கள். ஆடுகளம் தோட்டமானது. பந்தாட்டம் போய்விட்டது, கட்டடம் இருக்கிறது. இதைக் காப்பாற்றியது என்பதா, பறிகொடுத்தது என்பதா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து நியாயமானதே.

தோற்றத்தை வைத்துக்கொண்டு குணத்தை இழப்பதும் நடக்கும். சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானம் 1924-ல் திறந்தது, கிரேக்கத் தூண் வரிசைகளுக்குப் பெயர் பெற்றது. 2003-ல் முடிந்த புதுப்பிப்பில் தூண்கள் நின்றன. ஆனால் அவற்றுக்கு மேலே எழும்பும் கண்ணாடியும் எஃகுமான புதுக் கிண்ணம் ஒன்றை உள்ளே இறக்கிவைத்தார்கள். 2006-ல் அதன் தேசிய வரலாற்றுச் சின்னத் தகுதி பறிக்கப்பட்டது.

மறுபக்கம், பாதுகாப்பு வந்துவிடும் என்ற பயமே முடிவுகளை அவசரப்படுத்துவதும் உண்டு. இத்தாலியில் பொதுக் கட்டடங்கள் 70 ஆண்டுகளைத் தாண்டினால் பாரம்பரியப் பாதுகாப்பின் கீழ் வர வாய்ப்புண்டு. மிலானின் சான் சீரோ கால்பந்து மைதானத்துக்கு இரண்டாம் அடுக்கு 1955-ல் வந்தது. 2025-ல் 70 வயது. நகராட்சி மன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் மைதானத்தை அங்கே ஆடும் இரு கிளப்புகளுக்கும் விற்க ஒப்புதல் தந்தது; நவம்பரில், கெடுவுக்குச் சற்று முன்பாக, விற்பனை முடிந்தது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒழுங்காகச் செய்தால், வடிவமைப்பாளரை நியமிப்பதற்கு முன்பே ஒரு பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் எழுதப்படும். ஒவ்வொரு பகுதியும் எப்போது கட்டியது, எவ்வளவு அசல், எவ்வளவு பிற்காலச் சேர்க்கை, எது இல்லாவிட்டால் இடம் அடையாளம் இழக்கும் என்று அதில் தரம் பிரிப்பார்கள். வடிவமைப்பு முடிந்த பிறகு எழுதப்படும் பாரம்பரிய அறிக்கை, எடுத்த முடிவுக்கு நியாயம் தேடும் அறிக்கைதான். தேதியைப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஆவணத்தில் எளிதாக விட்டுப்போவது கட்டடம் அல்லாத விஷயங்கள். மலிவு டிக்கெட் கேலரியில் நின்று பார்த்த கூட்டம், கையால் எண் மாற்றும் ஸ்கோர் போர்டு, எந்த வாயில் வழியாக எந்தப் பேட்டைக்காரர்கள் வருவார்கள் என்ற பழக்கம். பிரேசிலில், ரியோவின் மரக்கானா கால்பந்து மைதானத்தில் மிகக் குறைந்த விலையில் நின்று பார்க்கும் பகுதி ஒன்று இருந்தது. 2005-ல் அது நீக்கப்பட்டது. எந்தச் சின்னப் பட்டியலும் அதைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் மரக்கானா என்றால் பலருக்கு அதுதான்.

புதுப்பித்த பிறகு இருக்கைகள் ஏன் குறைகின்றன?

நின்றவர்கள் உட்காருகிறார்கள், உட்கார்ந்தவருக்குக் கால் நீட்ட இடம், சக்கர நாற்காலிக்குத் தளம், அகலமான படிக்கட்டு, கழிப்பறை. எல்லாம் சேர்ந்தால் எண்ணிக்கை விழும். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் மரக்கானாவில் டிக்கெட் வாங்கி வந்தவர்களே 1,73,850 பேர். 2013-ல் திரும்பத் திறந்தபோது கொள்ளளவு சுமார் 78,000. குறைவதில் தவறில்லை. குறைந்த இடங்களில் எத்தனை மலிவு டிக்கெட்டுக்கு, எத்தனை விருந்தினர் பெட்டிகளுக்கு என்பதுதான் கேட்க வேண்டியது.

பல வருடமாக நிற்கும் கேலரி இனியும் நிற்காதா? பாதுகாப்பைக் காரணம் காட்டி இடிக்கிறார்களோ?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மரத்தாலான பழைய ஸ்டாண்டின் அடியில் பல காலமாகச் சேர்ந்திருந்த குப்பை தீப்பிடித்தது. சில நிமிடங்களில் ஸ்டாண்ட் முழுவதும் எரிந்தது. 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. கூரையை மாற்றும் வேலை அந்தப் பருவம் முடிந்ததும் தொடங்குவதாக இருந்தது. அதே மாதம் 29-ம் தேதி பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் கூட்ட நெரிசலில் சுவர் சரிந்து 39 பேர். 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர்.

இவற்றில் பழைய கட்டடம் ஒரு பங்கு, நிர்வாகம் இன்னொரு பங்கு. ஹெய்சலைப் பிறகு திருத்திக் கட்டி 1995-ல் மன்னர் போதுவேன் மைதானம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய முன்வாயில் மட்டும் இருக்கிறது.

ஆகவே 'பாதுகாப்பு இல்லை' என்று சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, கான்கிரீட்டிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்களா, கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது. இரண்டு, முழுக் கூட்டமும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது. பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டு நூல் சாதாரண வெளியேற்றத்துக்கு எட்டு நிமிடத்தை உச்ச வரம்பாக வைக்கிறது. தீ ஆபத்து அதிகமான இடத்தில் இரண்டரை நிமிடம்வரை அது குறையும். மூன்று, கூட்டத்தைக் குறைத்தாலோ கூடுதல் வாசல் வைத்தாலோ சரியாகுமா. மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், இடிப்பதற்கான காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

தினமும் நடக்கவும் ஓடவும் வருகிறோம். எங்கள் பிள்ளைகள் இங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள். எங்களுக்கு என்ன ஆகும்?

எல்லாத் திட்டத்திலும் முதலில் வெட்டுப்படுவது இதுதான், ஏனென்றால் நடப்பவரிடம் டிக்கெட் இல்லை. மரக்கானா வளாகத்தில் பெரிய மைதானத்தோடு தடகள ஓடுதளம் ஒன்றும் நீச்சல் குளம் ஒன்றும் இருந்தன. உலகக் கோப்பைத் திட்டத்தில் இரண்டையும் இடித்து வாகன நிறுத்தமும் கடைகளும் வருவதாக இருந்தது. 2013-ல் ஓடுதளத்தை மூடினார்கள். வீரர்களும் பெற்றோர்களும் தெருவில் இறங்கிய பிறகு அதே வருடம் இடிக்கும் முடிவு கைவிடப்பட்டது. ஆனால் இடிக்காமல் விட்டது வேறு, திருப்பித் தந்தது வேறு. ஓடுதளம் அப்புறம் பல காலம் பயன்பாட்டுக்கு வரவில்லை. அங்கே பயிற்சி எடுத்த ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த வருடங்கள் திரும்ப வராது.

அதனால் 'வேலை முடிந்ததும் தருவோம்' என்பதை ஏற்காதீர்கள். மாற்று இடம் முதலில், மூடுவது பிறகு. மாற்று இடம் நடந்தோ பேருந்திலோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நகரத்தின் மறு கோடியில் சிந்தெடிக் டிராக் போட்டுத் தருவது மாற்று அல்ல. முடிந்த பிறகு என்ன கட்டணம், காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், பெரிய நிகழ்ச்சிக்காக வருடத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் மூடலாம் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். இந்தக் கடைசி எண்ணுக்கு உச்சவரம்பு இல்லாவிட்டால், மேடை கட்ட ஐந்து நாள், பிரிக்க மூன்று நாள் என்று மாதக்கணக்கில் போய்விடும்.

மரங்களை வெட்டுகிறார்கள். 'பத்து மடங்கு நடுவோம்' என்கிறார்களே?

நூறு வருட மரத்தின் நிழலைப் பத்துக் கன்றுகள் தருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு வெளித்தோட்டப் பகுதியில் ரக்பி மைதானத்தையும், 1926-ல் கட்டிய பேஸ்பால் மைதானத்தையும் இடித்து இடம் மாற்றிக் கட்டும் திட்டத்துக்கு 2023-ல் ஒப்புதல் வந்தது. மரங்கள் விழும் என்பதால் பெரிய எதிர்ப்பு. இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோ, இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். பிறகு வெட்டும் மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் திட்டத்தைத் திருத்தினார்கள். மரக் கணக்கெடுப்பில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். தண்டின் சுற்றளவும், வேர்ப் பரப்புக்குள் தோண்டுவார்களா என்பதும் இருக்கிறதா பாருங்கள். வெட்டாமல் விட்ட மரம், வேர் அறுந்து மூன்றாம் வருடம் பட்டுப்போனால் அது யார் கணக்கிலும் வராது.

கச்சேரி நடத்தினால் புல் பாழாகுமா?

ஆகும், கவனிக்காவிட்டால். தரைமூடியை நீண்ட நாள் விட்டால் புல் வெளுக்கும். புதிதாகப் போடும் கூரை வெயிலை மறைத்தால் நிழல் விழும் பக்கம் மெலியும். அதற்குப் புல்லுக்கு வெளிச்சம் காட்டும் வளர்ப்பு விளக்கு வண்டிகள் தேவை, அவற்றுக்கு மின்சாரக் கட்டணம். சிங்கப்பூரின் புதிய மைதானத்தில்கூட முதல் மாதங்களில் ஆடுகளம் மணலாகத் தெரிந்து திட்டு வாங்கியது. ஆனாலும் கச்சேரி வருமானம் இல்லாமல் பெரிய கிண்ணத்தைப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடும் வேலைதான். வருடத்துக்கு இத்தனை, இரவு இத்தனை மணிவரை, இவ்வளவு ஒலி அளவு என்று வரம்பு வைத்துவிட்டு அனுமதிப்பதே நடைமுறை.

வாகன நிறுத்தத்துக்கு இடம் போதாது என்கிறார்களே?

என்றுமே போதாது. மெல்போர்னில் ஆட்ட நாட்களில் பக்கத்து யாரா பார்க்கின் புல்லிலேயே கார்களை விடுகிறார்கள். அதற்கு இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. ரயில், பேருந்து வசதிக்குச் செலவிடாமல் அடுக்கு நிறுத்தம் கட்டும் திட்டம், ஆட்டமில்லாத நாட்களில் காலியாக நிற்கும் கான்கிரீட்டுக்குக் காசு கொடுக்கும் திட்டம்.

பெயரை நிறுவனத்துக்கு விற்கலாமா?

விற்கலாம், எதை விற்கிறோம் என்று தெரிந்தால். லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் முதல் உலகப் போர் வீரர்களின் நினைவாகக் கட்டியது. விமான நிறுவனம் ஒன்றின் பெயரை முன்னால் சேர்க்கப் போனபோது முன்னாள் வீரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஆடுகளத்துக்கு மட்டும் நிறுவனத்தின் பெயர், மைதானத்துக்கு 'நினைவு கொலீசியம்' என்ற பழைய பெயர் என்று 2019-ல் முடிந்தது. ஸ்டாண்ட், வாயில், பயிற்சிக் கூடம் என்று பிரித்து விற்க நிறைய இருக்கிறது.

கடைகளும் அடுக்குமாடிகளும் கட்டி அந்தப் பணத்தில் ஸ்டேடியத்தைச் சரிசெய்யலாமே?

செய்திருக்கிறார்கள். ஆனால் பொது நிலம் ஒருமுறை போனால் திரும்பாது. கூரையோ முப்பது வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டும். மான்ட்ரியலின் 1976 ஒலிம்பிக் மைதானக் கடனை அடைத்து முடித்தது 2006-ல்தான். 2024-ல் புதிய கூரைக்கு மட்டும் 87 கோடி கனடா டாலர் ஒதுக்கினார்கள். அடுத்த கூரைக்கு எந்த நிலத்தை விற்பது? விற்பதற்குப் பதில் குத்தகைக்கு விட்டு, வரும் வாடகையை வளாகப் பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கில் போடுவது மெதுவான வழி. எனக்கு அதுவே பரவாயில்லை என்று படுகிறது. இன்னொன்று: ஒட்டிக் கட்டும் அடுக்குமாடியில் குடிவந்தவர்கள் நாளைக்கு இரைச்சல் என்று வழக்குப் போடுவார்கள். ஸ்டேடியம் முன்பே இருந்தது, சத்தம் வரும் என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அனுமதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரமாகக் கட்டினால்?

சேப்பாக்கத்தைப் பாருங்கள். 2011 உலகக் கோப்பையையொட்டி எழுப்பிய ஸ்டாண்டுகளில் மூன்று, கட்டட விதிப் பிரச்சினையில் சிக்கிப் பல வருடம் பூட்டிக் கிடந்தன. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் காலி இருக்கைகள் நன்றாக நினைவிருக்கும். பிரச்சினை தீர்ந்த பிறகுதான் அவை ரசிகர்களுக்கு முறையாகத் திறந்தன. பக்கத்துக் கட்டடத்துக்கும் கேலரிக்கும் இடையே எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பது தாளில் சின்ன விஷயம்.

திறப்பு விழா முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

மரக்கானாவில் 2016 ஒலிம்பிக்ஸ் முடிந்ததும், மைதானம் எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்று ஏற்பாட்டாளர்களும் நடத்துநரும் மாநில அரசும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். 2017 தொடக்கத்தில் புல் காய்ந்து, இருக்கைகள் பெயர்ந்து, பொருட்கள் திருடுபோய், பாக்கிக் கட்டணத்துக்காக மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. இவ்வளவு செலவழித்த கட்டடத்துக்கு வந்த நிலை அது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் நேரம் கிடைக்கிறது என்றால், முதல் பத்து வருடப் பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, அதில் கையெழுத்துப் போடும் அதிகாரி யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல மேடையில் ஆள் இருந்தால் மற்றக் கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி பதிவானதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.